தண்ணி குடிச்ச 18 வோல்ட் டூல் பேட்டரி: காய வெச்சா போதுமா, பிரிச்சே ஆகணுமா?

மரத்தூள்:
எல்லாருக்கும் வணக்கம். 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி லித்தியம் பேக் ஒண்ணு. டூல் பெட்டிக்குள்ள மழைத்தண்ணி இறங்கித் தேங்கிடுச்சு. பேக் கவிழ்ந்து கிடந்ததால டெர்மினல் இருக்கற பக்கம் முழுக்க தண்ணிக்குள்ள. வேலை இல்லாத சமயம், அதனால ரொம்ப நாள் யாரும் பெட்டியைத் திறக்கல.

எடுத்தப்ப பட்டனைத் தொடாமலே சார்ஜ் காட்டற லைட்டுல ஒண்ணு மங்கலா எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. துடைச்சு, வெயில்ல நல்லா காய வெச்சேன், லைட்டு அணைஞ்சிருச்சு. இப்ப டிரில்ல மாட்டினா ஒரு நொடி சுத்தி நின்னுடுது. சார்ஜர்ல போட்டா சிவப்பும் பச்சையும் மாறி மாறி மின்னுது. மீட்டர்ல பிளஸ் மைனஸ் நடுவுல 17.1 வோல்ட் வருது. 17 இருக்கே, அப்புறம் ஏன் சார்ஜ் ஏற மாட்டேங்குது?

நட்டுபோல்ட்டு:
பயப்படாதீங்க ப்ரோ. சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்ட டப்பாவுக்குள்ள ஒரு வாரம் வெச்சுட்டு திரும்ப சார்ஜ் போடுங்க. லித்தியம் செல் எல்லாம் சீல் பண்ணது, தண்ணி உள்ள போகாது. என்னுது ஒண்ணு இப்படித்தான் நனைஞ்சுது, இன்னும் ஓடுது.

ஈயக்கம்பி:
மரத்தூள் தம்பி, மொதல்ல அந்த சார்ஜர்ல இனிமே போடாதீங்க. மின்னறது சார்ஜர் கோளாறு இல்ல, அது சரியாத்தான் மறுக்குது. பேக்கை வீட்டுக்கு வெளிய, எரியற சாமான் பக்கத்துல இல்லாம, கல் தரையில வைங்க. சூடு இருக்கா, வீங்கியிருக்கா, நெயில் பாலிஷ் ரிமூவர் மாதிரி இனிப்பான வாசம் வருதா? இதுல ஒண்ணு இருந்தாலும் பிரிக்கற பேச்சே வேண்டாம்.

நட்டுபோல்ட்டு சொல்றது பாதி சரி. செல்லுக்குள்ள தண்ணி போறது கஷ்டம்தான். ஆனா இங்க வேலையைக் கெடுக்கறது தண்ணி இல்ல, தண்ணிக்குள்ள ஓடிக்கிட்டே இருந்த மின்சாரம். நனைஞ்ச செல்போனை உடனே அணைச்சு வைக்கலாம். பேட்டரியை அணைக்க ஸ்விட்சே கிடையாது. ஊறிக் கிடந்த நேரம் பூரா 18 வோல்ட் உயிரோட நின்னிருக்கு. தண்ணியைப் பிரிக்க தத்துவப்படி 1.23 வோல்ட் போதும். நடைமுறையில கொஞ்சம் கூட வேணும், ஆனா ஒரே ஒரு செல்லோட 3.6 வோல்ட்டே அதுக்கு தாராளம். சுத்தமான தண்ணி மின்சாரத்தை ரொம்பக் கடத்தாது. பெட்டிக்குள்ள தேங்கினதுல மண்ணு, உப்பு, கை வேர்வை, சால்டரிங் ஃப்ளக்ஸ் மிச்சம் எல்லாம் கரைஞ்சிருக்கும். அந்தக் கரைசல் வழியா பிளஸ் பக்கத்துச் செம்பு கரைஞ்சு மைனஸ் பக்கம் நகரும். பச்சைக் களிம்பு பூக்கறது அதனாலதான்.

காய வெச்சா தண்ணி போயிடும், உப்பும் களிம்பும் போர்டு (பேக்குக்குள்ள செல்களைக் கண்காணிக்கற சர்க்யூட் பலகை) மேலயே உட்கார்ந்திருக்கும். காத்துல ஈரம் கூடினா அது மறுபடி கடத்த ஆரம்பிக்கும். லைட்டு அணைஞ்சது குணமானதுக்கு அடையாளம் இல்ல.

17.1 பத்தி: உள்ள பத்து செல் இருக்கும். இரண்டிரண்டா பக்கவாட்டுல சேர்த்து அஞ்சு வரிசை, அந்த அஞ்சும் தொடர்ச்சியா. முழு சார்ஜ்ல வரிசைக்கு 4.2, மொத்தம் 21. மொத்தத்தைப் பார்த்தா ஒண்ணும் தெரியாது, அஞ்சையும் தனித்தனியா அளக்கணும்.

பழையஇரும்பு:
இதையெல்லாம் சொல்லிக் கொடுக்கலாமா? நனைந்த லித்தியம் பேட்டரியைப் பிரிக்கவே கூடாது என்பதுதான் என் கருத்து. புதியது வாங்கிக்கொள்ளலாம், விரல் வாங்க முடியாது. பக்கவாட்டில் இரண்டு செல் உள்ள பேக் ஷார்ட் ஆனால் நூறு ஆம்பியருக்கு மேல் பாயும். கையில் மோதிரம் இருந்தால் அது பழுத்துவிடும்.

ஈயக்கம்பி:
மோதிரம், வாட்ச், காப்பு எல்லாத்தையும் கழட்டிட்டுதான் தொடணும். அதுல எனக்கு மறுப்பே இல்ல. ஆனா "தொடாதே"ன்னு மட்டும் சொல்லி விட்டா அவர் என்ன செய்வார்? அதே சார்ஜர்ல விடாம போட்டுப் பார்ப்பார், இல்ல வீட்டுக்குள்ள அலமாரியில வெச்சு மறந்துடுவார். அது இரண்டும் பிரிக்கறதை விட ஆபத்து. இன்னொண்ணு, சில கம்பெனி பேக்குல சார்ஜ் தொடர்ந்து மூணு தடவை தோத்தா போர்டு தன்னையே நிரந்தரமா பூட்டிக்கும். அப்புறம் செல் நல்லா இருந்தாலும் சார்ஜர் அதை ஏத்துக்காது.

மரத்தூள்:
சூடு இல்ல, வீக்கம் இல்ல, வாசமும் இல்ல. கையுறை, கண்ணாடி போட்டு வெளிய வெச்சுப் பிரிச்சேன். டி10 ஸ்டார் ஸ்க்ரூ, நடுவுல முளை வெச்சது, அதுக்குன்னு ஓட்டை போட்ட பிட் வேணும். நாலாவது ஸ்க்ரூ ஒரு பிளாஸ்டிக் மூடிக்கு அடியில ஒளிஞ்சிருந்துது.

பார்த்தது: போர்டுல பெரிய பிளஸ் டெர்மினலோட காலடி பச்சை. செல்லுல இருந்து போர்டுக்கு வர்ற நிக்கல் நாக்குகள்ல மைனஸுக்குப் பக்கத்துல இருக்கற முதல் இரண்டோட அடியில வெள்ளையா மாவு மாதிரி படிஞ்சிருக்கு. போர்டு மேல பளபளன்னு ஒரு பூச்சு இருக்கு, அந்த இடத்துல மட்டும் அது கொப்பளிச்சு எழும்பியிருக்கு. நகத்தால தட்டினா உரியுது, அடியில செம்பு ட்ராக் கருப்பா நூல் மாதிரி மெலிஞ்சு கிடக்கு.

மைனஸ்ல இருந்து வரிசையா: 2.83, 3.21, 3.69, 3.68, 3.69.

ஓம்விதி:
அருமையான அளவு. இந்த அஞ்சு எண்ணே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது.

மேல் மூன்று வரிசையும் ஒன்றுபோல் இருக்கின்றன, கீழ் இரண்டு மட்டும் இறங்கியிருக்கின்றன. முதல் வரிசையின் முனையிலிருந்து மைனஸுக்குக் கசிந்தால் முதல் வரிசை மட்டும் வற்றும். இரண்டாவது முனையிலிருந்து மைனஸுக்குக் கசிந்தால் ஒன்றும் இரண்டும் சேர்ந்து வற்றும். இரண்டு கசிவும் ஒரே நேரத்தில் இருந்தால் இரண்டாவது கொஞ்சம் இறங்கும், முதலாவது அதைவிட அதிகம் இறங்கும். அப்படியேதான் இருக்கிறது. வெள்ளை மாவு படிந்த இடமும் அதே இரண்டு நாக்குகள்தான். ஆக, கசிவு போர்டில், செல்லில் இல்லை.

அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். 5 ஆம்பியர்-மணி வரிசையை 1 மில்லிஆம்பியர் கசிவு காலி செய்ய 5000 மணி நேரம், சுமார் 208 நாள். அதுவே 20 மில்லிஆம்பியர் என்றால் 250 மணி, பத்து நாள் சொச்சம். உப்புத் தண்ணீர் நின்ற போர்டில் 20 என்பது பெரிய கசிவே இல்லை.

நட்டுபோல்ட்டு:
அப்ப செல் நல்லாத்தான இருக்கு? நான் சொன்னதுதான.

கத்துக்குட்டி:
குறுக்கே பேசறதுக்கு மன்னிக்கணும். முதல் வரிசை செல்லுலயே தனியா ஒரு கசிவு இருந்தாலும் இதே 2.83 வருமே? போர்டு கசிவு இரண்டையும் இறக்க, செல் கசிவு முதலாவதை மட்டும் இன்னும் இறக்க. இந்த எண்ணை வெச்சு எப்படிப் பிரிச்சுச் சொல்றீங்க?

ஓம்விதி:
நியாயமான கேள்வி. இந்த எண்களை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. போர்டைக் கழற்றிவிட்டு செல்களைத் தனியே படுக்கவைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஈயக்கம்பி:
கத்துக்குட்டி கேட்டது இந்த வேலையோட உயிர்நாடி. இந்த மாதிரி பேக்குல இருக்கற உருளை வடிவ 18650 செல்லோட அமைப்பை ஒரு தடவை மனசுல ஓட்டுங்க. இரும்பு டப்பா முழுக்க மைனஸ். மேல இருக்கற சின்ன மூடி மட்டும் பிளஸ். டப்பாவோட விளிம்பு மடங்கி வந்து, ஒரு பிளாஸ்டிக் கேஸ்கெட்டை நடுவுல வெச்சு, மூடியைக் கவ்வியிருக்கும். பிளஸுக்கும் மைனஸுக்கும் நடுவுல அந்த இடத்துல இருக்கற தூரம் ஒண்ணு, ஒண்ணரை மில்லிமீட்டர்தான். அதுக்கு மேல ஒரு காகித வளையம் ஒட்டியிருப்பாங்க. அது ஈரத்தை உறிஞ்சி வெச்சுக்கும், சீக்கிரம் விடாது. வெளிய எல்லாம் காய்ஞ்சாலும் வளையத்துக்கு அடியில ஈரம் உட்கார்ந்து 3.6 வோல்ட்டுல அந்த இடத்தைத் துரு ஏத்திக்கிட்டே இருக்கும். மூடியில வாயு வெளியேற சின்ன ஓட்டைகள் வேற உண்டு, அது வழியா மூடிக்கும் கீழ்த்தகட்டுக்கும் நடுவுல தண்ணி தங்கும். அங்க பிடிக்கற துரு வெளிய இருந்து தெரியாது. "சீல் பண்ணது"ங்கறதை நம்பி ஏமாறக்கூடிய இடம் இதுதான்.

மரத்தூள் தம்பிக்கு வேலை வரிசை. போர்டைக் கழட்டும்போது ஒரு நேரத்துல ஒரு நாக்கு மட்டும். மொத்த பிளஸ் முதல்ல. அடுத்து சென்ஸ் நாக்குகள் (ஒவ்வொரு வரிசையோட வோல்ட்டையும் போர்டுக்குக் காட்டறது) மேல இருந்து கீழ. மொத்த மைனஸ் கடைசியா. விடுபட்டதை உடனே கேப்டான் டேப் (சூடு தாங்கற, மின்சாரம் கடத்தாத டேப்) போட்டு மூடிடுங்க. கட்டரோட பிடி மட்டும் இல்லாம தாடைக்குப் பின்பக்கமும் டேப் சுத்துங்க, இரண்டு நாக்கை ஒண்ணா கடிச்சா அவ்வளவுதான்.

போர்டு தனியா வந்ததும் டிஸ்டில்டு வாட்டர்ல பழைய டூத்பிரஷ் போட்டுக் கழுவுங்க. அப்புறம் 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால்.

மரத்தூள்:
தண்ணி பட்டுதானே கெட்டுச்சு, மறுபடியும் தண்ணியா? நேரா ஆல்கஹால் போதாதா? டபிள்யூடி-40 இருக்கு, அது அடிக்கலாமா?

ஈயக்கம்பி:
உப்பு ஆல்கஹால்ல கரையாது, தண்ணியிலதான் கரையும். அதனால முதல்ல உப்பை எடுக்க சுத்தத் தண்ணி, அப்புறம் அந்தத் தண்ணியை விரட்ட ஆல்கஹால். வெறும் ஆல்கஹால் போட்டுத் தேய்ச்சா உப்பு இந்த மூலையில இருந்து அந்த மூலைக்குப் போகும், அவ்வளவுதான். டபிள்யூடி-40 ஈரத்தைத் தள்ளும், ஆனா எண்ணெய்ப் படலம் விட்டுட்டுப் போகும், உப்பு அதுக்கு அடியில பத்திரமா இருக்கும். கீல், போல்ட்டுக்கு வெச்சுக்கங்க.

இந்தக் குளியல் போர்டுக்கு மட்டும். செல் கட்டு மேல தண்ணி ஊத்தாதீங்க, ஆல்கஹாலையும் ஊத்தாதீங்க. அது உயிரோட இருக்கு, ஒரு பொறி போதும். துணியில நனைச்சுத் துடைக்கலாம், அவ்வளவே. ஹேர் டிரையர், அவன் எதுவும் வேண்டாம். செல் 60 டிகிரியைத் தாண்டக் கூடாது, ஃபேன் காத்தே போதும்.

உறிஞ்சின காகித வளையத்தைக் காப்பாத்த நினைக்காதீங்க. கிழிச்செடுத்துட்டு விளிம்பைப் பாருங்க. புது வளையம் ஒட்டாம எந்த செல்லையும் திரும்ப உபயோகிக்கக் கூடாது.

பழையஇரும்பு:
உப்புத் தண்ணீர் என்றால் என்ன ஆகும் என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். 2012 அக்டோபரில் சாண்டி சூறாவளி வந்தபோது அமெரிக்காவின் நூவர்க் துறைமுகத்தில் நின்ற ஃபிஸ்கர் கார்மா கார்கள் 16 எரிந்தன. 2022இல் இயன் சூறாவளிக்குப் பிறகு ஃபுளோரிடாவில் கடல் நீரில் மூழ்கிய மின்சார கார்கள் தீப்பிடித்தன, சில வெள்ளம் வடிந்து பல நாள் கழித்து. லித்தியத்தோடு விளையாட வேண்டாம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ஓம்விதி:
ஐயா, அந்த ஃபிஸ்கர் விஷயத்தில் ஒரு திருத்தம். நிறுவனம் விசாரித்துச் சொன்ன காரணம் பெரிய லித்தியம் பேட்டரி அல்ல. சாதாரண 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் உப்பு படிந்து ஷார்ட் ஆகி, அங்கே தொடங்கிய தீயைக் காற்று மற்ற கார்களுக்குப் பரப்பியது என்றார்கள். அதாவது ஈயக்கம்பி சொன்ன அதே கதை: உப்பு, ஈரம், அணைக்க முடியாத மின்னழுத்தம். "பல நாள் கழித்து" என்று நீங்கள் சொன்னதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. காய்ந்த பிறகும் உப்பு தன் வேலையைக் காட்டுகிறது.

ஈயக்கம்பி:
பழையஇரும்பு அண்ணன் சொல்றதுல ஒண்ணை நான் அப்படியே ஒத்துக்கறேன். கடல் தண்ணி, சாக்கடைத் தண்ணி, வெள்ளத் தண்ணியில மூழ்கினது என்றால் பிரிக்காதீங்க, நேரா கழிவுக்கு. இது மழைத்தண்ணி, அதனாலதான் பேசிக்கிட்டு இருக்கேன்.

கத்துக்குட்டி:
ஒருவேளை தீப்பிடிச்சா தண்ணி ஊத்தக் கூடாதாமே? லித்தியமும் தண்ணியும் சேர்ந்தா வெடிக்கும்னு படிச்சிருக்கேன்.

ஓம்விதி:
பள்ளியில் படித்தது உலோக லித்தியம். சார்ஜ் செய்யும் லித்தியம்-அயன் செல்லில் லித்தியம் பெரும்பாலும் அயனியாக கிராஃபைட்டிலும் ஆக்சைடிலும் அடைந்து கிடக்கிறது. இந்தத் தீயில் செல்லைக் குளிரவைப்பதுதான் முக்கியம், அதற்குத் தண்ணீரே நல்லது, நிறைய வேண்டும். புகையை மட்டும் சுவாசிக்கக் கூடாது. செல்லுக்குள் இருக்கும் திரவமான எலக்ட்ரோலைட்டில் உள்ள ஃப்ளோரின் உப்பு ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு உண்டாகும், நுரையீரலை அரிக்கும். பெரிய தீ என்றால் விலகிப்போய் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

மரத்தூள்:
போர்டைக் கழட்டியாச்சு. கழுவினப்ப அந்த நூல் மாதிரி ட்ராக் கையோட வந்துடுச்சு. இரண்டாவது சென்ஸ் பாயின்ட்டுக்கும் சிப்புக்கும் தொடர்பே இல்ல. டிரில் ஒரு நொடியில நின்னதுக்குக் காரணம் அதுவா இருக்குமோ?

வளையத்தைக் கிழிச்சேன். ஒன்பது செல்லுல விளிம்பு வெள்ளி மாதிரி பளிச்சுனு இருக்கு. முதல் வரிசையில ஒரு செல்லுல மட்டும் விளிம்பைச் சுத்திப் பாதி வட்டத்துக்கு ஆரஞ்சுத் துரு, கேஸ்கெட் ஓரத்துல பழுப்பா பசை மாதிரி ஏதோ கசிஞ்சு காய்ஞ்சிருக்கு.

ஈயக்கம்பி:
அந்த ஒண்ணைப் பத்தி இனிப் பேச்சே இல்ல, அது போச்சு. துரு விளிம்பைத் தின்னா கேஸ்கெட் இறுக்கம் போயிடும், உள்ள இருக்கற எலக்ட்ரோலைட் வெளிய வரும், காத்துல இருக்கற ஈரம் உள்ள போகும். மீட்டர்ல 2.8 காட்டுதேன்னு வெச்சுக்காதீங்க.

அதோட ஜோடி செல்லை நிக்கல் பட்டையை வெட்டித் தனியாக்குங்க. பக்கவாட்டுல சேர்ந்திருக்கற வரைக்கும் நல்லதும் கெட்டதும் ஒரே வோல்ட்தான் காட்டும், கெட்டது நல்லதைக் குடிச்சுக்கிட்டே இருக்கும்.

2 வோல்ட்டுக்குக் கீழ போன செல் இருந்தா அதையும் ஒதுக்கணும். அவ்வளவு இறங்கினா மைனஸ் பக்கத்துச் செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். திரும்ப சார்ஜ் ஏத்தும்போது அந்தச் செம்பு வேற இடத்துல படிஞ்சு உள்ளுக்குள்ளயே ஷார்ட் ஆகலாம். உங்க 2.83 அந்த எல்லைக்கு மேலதான். துரு செல்லை விட்டுட்டு அந்த ஜோடி செல்லை மட்டும் கரன்ட் கட்டுப்பாடு இருக்கற பவர் சப்ளையில 4.2 வோல்ட் வெச்சு ஏத்துங்க, 3 வோல்ட் தொடற வரைக்கும் 0.1 ஆம்பியர், அப்புறம் 0.5. பக்கத்துலயே உட்காருங்க, தொட்டுப் பாருங்க, வெதுவெதுப்பு கூடினா நிறுத்துங்க.

மிச்ச வரிசைகளையும் அதே மாதிரி 4.1 வரைக்கும் ஏத்தி, அரை நாள் ஓய்வு கொடுத்து, அப்புறம் ஒரு அளவு எழுதி வைங்க. இரண்டு வாரம் கழிச்சு அதே மீட்டர்ல மறுபடி அளங்க. எல்லாம் சேர்ந்து சில மில்லிவோல்ட் இறங்கும், அது சகஜம். கூட்டத்தை விட்டு ஒண்ணு மட்டும் 20, 30 மில்லிவோல்ட் தனியா இறங்கினா அது நோயாளி. சார்ஜ் ஏறின அன்னிக்கே டிரில்ல மாட்டிப் பார்த்து "ஓடுதே"ன்னு மூடிடறவங்கதான் அதிகம். செல் நல்லதா கெட்டதாங்கறதை அந்த இரண்டு வாரம்தான் சொல்லும்.

நட்டுபோல்ட்டு:
இரண்டு வாரமா! என் பொறுமைக்கு இது சரிப்படாது அண்ணே. 😄 ஆனா நான் நனைஞ்சதைக் காய வெச்சு ஓட்டிக்கிட்டு இருக்கேனே, அதையும் பிரிச்சுப் பார்க்கணுமா?

ஈயக்கம்பி:
பிரிக்கறதுக்கு முன்னாடி முழுசா சார்ஜ் போட்டு, மெஷின்ல மாட்டாம தனியா வைங்க. ஒரு வாரத்துல லைட்டு ஒண்ணு குறைஞ்சா பிரிச்சே ஆகணும். குறையலேன்னாலும் ராத்திரி சார்ஜர்ல போட்டுட்டுத் தூங்கற வழக்கம் இருந்தா விட்டுடுங்க.

மரத்தூள்:
முடிவு சொல்லிடறேன். இரண்டாவது வரிசை அப்படியே நின்னுடுச்சு, மேல மூணோட சரிசமம். போர்டுதான் அதை வத்த வெச்சிருக்கு, ஓம்விதி சொன்னது சரி. துரு செல்லை நான் சார்ஜே ஏத்தல, தனியா வெச்சு அளந்தேன்: போர்டு இல்லாமலே இறங்கிக்கிட்டே போயி இரண்டுக்குக் கீழ வந்துடுச்சு. ஆக கத்துக்குட்டி கேட்டதும் சரி, கசிவு இரண்டு இடத்துலயும் இருந்திருக்கு. அதோட ஜோடி செல் 4 வோல்ட்டுக்கு மேல கெட்டியா நிக்குது.

இப்ப கையில ஒன்பது நல்ல செல், ஒரு செத்த போர்டு. இதே மாடல்ல செல் கிழடு தட்டின பழைய பேக் ஒண்ணு இருக்கு, அதோட போர்டு நல்லா இருக்கு. அதை இதுல மாத்தி, குறையற செல்லுக்குப் புதுசு ஒண்ணு போடலாமா?

ஈயக்கம்பி:
போர்டு மாத்தலாம், அதே மாடலா இருந்தா. பழைய பேக் செல்கள் ரொம்ப இறங்கிப் போயிருந்தா அந்த போர்டும் பூட்டிக்கிட்டிருக்க வாய்ப்பு உண்டு. அந்த பேக்கை சார்ஜர் ஏத்துக்குதான்னு முதல்ல பாருங்க.

புது செல் ஒண்ணை பழசோட பக்கவாட்டுல சேர்க்காதீங்க. உள்தடை (செல்லுக்குள்ளயே இருக்கற மின்தடை) வித்தியாசப்படும், ஓட்டும்போது புதுசு அதிகமா சுமக்கும். எனக்குப் பிடிச்ச வழி: நாலு வரிசையை விட்டுடுங்க. முதல் வரிசைக்கு ஒரே மாதிரி இரண்டு செல், மத்ததோட கொள்ளளவுக்குக் கிட்டத்துல இருக்கறது, டூலுக்கு ஏத்த அதிக கரன்ட் ரகம். லேப்டாப்ல இருந்து எடுத்த செல் டிரில்லுக்கு ஆகாது, வோல்ட் சரிஞ்சு சூடாகும். நிக்கல் பட்டை ஸ்பாட் வெல்டுலதான் (ஒரு கணம் பெரிய கரன்ட் பாய்ச்சி ஒட்டறது) ஒட்டணும். செல் மேல நேரா சால்டரிங் அயர்ன் வெச்சா கேஸ்கெட் போயிடும், துருப்பிடிச்சதுக்கும் இதுக்கும் அப்புறம் வித்தியாசம் இல்ல. மாட்டும்போது கழட்டினதுக்கு நேர் எதிர் வரிசை: மைனஸ் முதல்ல, சென்ஸ் கீழ இருந்து மேல, மொத்த பிளஸ் கடைசி. அஞ்சு வரிசையும் 10 மில்லிவோல்ட்டுக்குள்ள சமமா இருக்கும்போது மட்டும் சேருங்க.

ஸ்பாட் வெல்டர் இல்லேன்னா இதோட நிறுத்திக்கங்க.

மரத்தூள்:
ஸ்பாட் வெல்டர் இருக்கு, செல்லுக்குச் சொல்லிட்டேன். ஒதுக்கின துரு செல்லை என்ன செய்யறது? உப்புத்தண்ணி வாளியில போட்டு வெச்சா சார்ஜ் இறங்கிடும்னு ஒரு வீடியோவுல பார்த்தேன்.

பழையஇரும்பு:
வேண்டாம். உப்புத்தண்ணீர் முதலில் டெர்மினலைத் தின்றுவிடும். அதன் பிறகு உள்ளே சார்ஜ் அப்படியே இருக்கும், அளக்கவும் வழி இருக்காது. ஒற்றைச் செல் என்றால் 10 ஓம் சிமென்ட் ரெசிஸ்டர் போதும். முழு பேக் என்றால் 12 வோல்ட் 21 வாட் கார் பல்பு இரண்டைத் தொடராக இணைத்தால் வெளிச்சம் மங்குவதே கணக்கு சொல்லும். பிறகு பிளஸ் முனையில் டேப் ஒட்டி பேட்டரி சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். குப்பையில் போடாதீர்கள், பார்சலிலும் அனுப்பாதீர்கள். சேதமான லித்தியம் பேட்டரிக்கு விமானத்தில் அனுமதி கிடையாது.

கத்துக்குட்டி:
கடைசியா ஒரு சந்தேகம். என் டிரில் மேல ஐபி54ன்னு போட்டிருக்கு. அப்ப அதோட பேட்டரி நனையலாமா?

ஓம்விதி:
இரண்டாவது எண்தான் தண்ணீருக்கு. 4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்தும் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும். 7 இருந்தால்தான் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். உங்கள் டிரில்லில் உள்ள 54, பேட்டரி மாட்டிய நிலையில் சோதித்ததா என்று கையேட்டில் பாருங்கள். கழற்றி வைத்த பேட்டரியின் டெர்மினல் பள்ளம் மேல்நோக்கித் திறந்துதான் இருக்கும். அதற்கு வாங்கும்போது கூட வந்த மஞ்சள் அல்லது கருப்பு பிளாஸ்டிக் மூடியைத் தூக்கிப் போட்டிருந்தால் தேடி எடுத்து மாட்டுங்கள். அதுகூட ஷார்ட் ஆகாமல் இருக்கத்தான், தண்ணீருக்கு அல்ல.